சொன்னதைச் சொன்னபடி

மெத்தைக்காரர் வீட்டில் யாருக்கும் கோபத்தை நேராகச் சொல்லத் தெரியாது. அது பரம்பரை நோய். அவருடைய அப்பா, வாசலில் விட்ட செருப்பை எவனோ மாட்டிக்கொண்டு போனபோது, "பாவம் மகராசன், கால் கடிக்காம இருக்கட்டும்" என்று சொன்னவர். அக்கா அவரையும் மிஞ்சியவள். அவள் ஒருவனைப் பார்த்து "நீ ரொம்ப நல்லா இருப்பே" என்று சொல்லிவிட்டால் அவன் நாலு நாள் சரியாகத் தூங்கமாட்டான். தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். புறவழிச்சாலைக்கான மக்கள் கருத்துக் கேட்புப் பிரிவுக்கு மட்டும் தெரியாது. கதை அவ்வளவுதான். மீதியையும் சொல்கிறேன், வயிறு எரிகிறது.

புறவழிச்சாலை வேண்டும் என்பதில் ஊரில் யாருக்கும் சண்டையில்லை. லாரிகள் ஊருக்கு நடுவே புகுந்து, கடைப் பலகைகளை உரசி, பள்ளிக்கூட வாசலில் பெருமூச்சு விட்டுக்கொண்டு நின்றன. எந்தப் பக்கமாகச் சுற்றிப் போவது என்பதுதான் கேள்வி. வடக்கே தரிசு நிலம் கிடந்தது. அது யாருடைய தரிசு என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. தெற்கே மெத்தைக்காரர் தெரு.

மெத்தைக்காரருக்கு அங்கே ஒரு வீடு. முன்கட்டில் தொழில், பின்கட்டில் குடித்தனம். அவர் பஞ்சை அடித்து உறைக்குள் அடைத்துக் கொடுப்பார். அக்கா கோணி ஊசியால் குத்தி முடிச்சுப் போடுவாள். முடிச்சுகள் நூல் பிடித்த மாதிரி வரிசையாக விழும். மெத்தை வாங்க வருகிறவர்கள் அவள் கைவேலையைப் பாராட்டிவிட்டுப் போவார்கள். அவளுக்குக் கண் தெரியாது என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. போகப்போக அவள் வீட்டைக் கையாலும் காலாலும் கற்றுக்கொண்டாள். அடுக்களைக்கு இறங்கும் படி, தண்ணீர்ப் பானை, ஜன்னல் கம்பிகளில் வளைந்த ஒன்று, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. தம்பி நாற்காலியை ஒரு சாண் நகர்த்தி வைத்தால், "சிம்மாசனம் ஊர்வலம் கிளம்பிடுச்சா?" என்று கேட்பாள். "கண்ணு தெரியல" என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. "கொஞ்சம் மங்கல்" என்பாள். அந்த வீட்டுக்குள் அது பொய்யும் இல்லை. வாசற்படியைத் தாண்டினால்தான் அவள் குருடு. அதனால் அவள் தாண்டுவதில்லை.

முதல் கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. பெரியவர்களைச் சின்ன வகுப்புப் பெஞ்சுகளில் உட்கார வைத்திருந்தார்கள். முட்டி மோவாயைத் தொடும்படி உட்கார்ந்தவன் பெரிதாக ஒன்றும் கேட்டுவிட முடியாது. மேடையில் ஒரு பதாகை. அதில் ஆள் உயரத்துக்கு ஒரு காது வரைந்து, கீழே 'உங்கள் குரலே எங்கள் பாதை' என்று எழுதியிருந்தது. அந்தக் காது, கூட்டம் நடத்த வந்த அதிகாரியின் சட்டைப் பையிலும் சின்னதாகக் குத்தியிருந்தது. கூட்டம் முடிவதற்குள் தெரு அவருக்குக் காதய்யா என்று பேர் வைத்துவிட்டது.

காதய்யா பேசினார்.

"முடிவை எடுத்துவிட்டு மக்களிடம் வருவது பழைய முறை. அந்த அவமரியாதையை நாங்கள் ஒழித்துவிட்டோம். இப்போது மக்களிடம் வந்த பிறகுதான் முடிவை வெளியே எடுக்கிறோம். எங்கள் பிரிவுக்கு ஒரே ஒரு கொள்கை. சொன்னதைச் சொன்னபடி. நீங்கள் சொல்வதில் ஓர் எழுத்தைக் கூட்டமாட்டோம், ஓர் எழுத்தைக் குறைக்கமாட்டோம். பேச்சு வழக்கை எழுத்து வழக்காக்குவது மட்டும் எங்கள் இலவச சேவை."

அவருக்குப் பக்கத்தில் குறிப்பெடுக்கும் அம்மாள் ஒருத்தி இருந்தாள். ஓய்வு பெறும் வயது. தடித்த கண்ணாடி. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வார்த்தையைக்கூடத் தவறாகக் காதில் வாங்கியதில்லை என்று காதய்யா அவளை அறிமுகப்படுத்தினார். அவள் எழுந்து கும்பிட்டுவிட்டு, தான் கும்பிட்டதையும் எழுதிக்கொண்டாள்.

சுவரில் வரைபடம். சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று வழிகள். மக்கள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். மெத்தைக்காரர் பெஞ்சிலிருந்து தன்னைக் கழற்றிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். மூன்று கோடுகளும் ஒன்றாகக் கிளம்பி, ஒன்றாகவே அவர் தெருவைக் கடந்து, ஊருக்கு வெளியே ஆளில்லாத இடத்துக்குப் போன பிறகு பெருந்தன்மையாகப் பிரிந்தன. அவருடைய வீடு இருந்த இடத்தில் 'தொடக்கம்' என்று எழுதியிருந்தது.

"சார், மூணு வழியும் எங்க வீட்டு மேலதானே போகுது?"

"அதனால்தான் உங்கள் தேர்வுக்கு மற்றவர்களைவிட மூன்று மடங்கு மதிப்பு," என்றார் காதய்யா.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் கத்தியிருப்பான். மெத்தைக்காரருக்குக் கோபம் தலைக்கேறியது. ஏறினால் அந்த வீட்டில் என்ன வரும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"அது சரி," என்றார். "ரோடு போடுறவங்க எவ்வளவு கஷ்டப்படுறீங்க, எங்களுக்கு வீடு ஒரு கேடா? தாராளமா போங்க. கதவைத் திறந்தே வைக்கிறேன். வண்டிங்க குலுங்காம போக நடுவுல மெத்தையும் போட்டுத் தரேன்."

தெரு சிரித்தது. காதய்யா கை தட்டினார். குறிப்பம்மா தலையைத் தூக்காமல் எழுதினாள்.

அடுத்த வாரம் முதல் அறிக்கையைத் தண்ணீர் வாரிய அலுவலகச் சுவரில் ஒட்டினார்கள். சைக்கிள் கடைக்காரர் கூட்டத்துக்கு நடுவே நின்று அதைச் சத்தமாகப் படித்தார். 'பாதிக்கப்படுபவர் "அது சரி" எனக் கூறி ஏற்றுக்கொண்டார். சாலைப் பணியாளர்களின் சிரமத்தை எண்ணி வருந்தினார். வீட்டைத் தாராளமாக எடுத்துக்கொள்ள வேண்டினார். அதிர்வைக் குறைக்க மெத்தைகள் வழங்குவதாக உறுதியளித்தார்.'

படித்து முடித்துவிட்டு அவர் மெத்தைக்காரரை மேலும் கீழும் பார்த்தார். இருவரும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு வாழ்கிறவர்கள்.

"என்னண்ணே, எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"என்ன சொல்றே?"

"ஒண்ணுமில்ல. தனியா கவனிச்சிருக்காங்க போலிருக்கு. நல்லா இருங்க."

இது கேலி என்பது மெத்தைக்காரருக்கு உடனே புரிந்தது. தாய்மொழி அல்லவா. அதன் பிறகு பக்கத்து வீட்டில் அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

கேட்புப் பிரிவின் அலுவலகத்துக்கு மெத்தைக்காரர் ஓடினார். வாசலில் அதே காது, இந்த முறை சிமெண்டில். உள்ளே காதய்யா அன்போடு நாற்காலி போட்டார்.

"சார், அது நான் கேலியாச் சொன்னது."

"சொன்னீர்களா, இல்லையா?"

"சொன்னேன். ஆனா அர்த்தம் அது இல்ல."

"அர்த்தம் எங்கள் பிரிவில் வராது," என்றார் காதய்யா. வருத்தமாகத்தான் சொன்னார். "எங்கள் படிவத்தில் கருத்து, ஆலோசனை, உணர்ச்சி என்று மூன்று கட்டங்கள் இருக்கின்றன. கேலிக்குக் கட்டம் இல்லை. கேட்டு மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம். வந்தால் அதற்கும் ஒரு கருத்துக் கேட்பு நடத்துவோம்."

"அப்ப நான் சொன்னதை அடிச்சிட்டு வேறே எழுதுங்க."

காதய்யா நிமிர்ந்து உட்கார்ந்தார். "மக்களின் குரலைத் திரிக்கச் சொல்கிறீர்களா? நாளைக்கு யாரோ ஒரு பெரிய மனிதர் வந்து மெத்தைக்காரர் சொன்னதை மாற்று என்பார். நான் மாற்றமாட்டேன். உங்களிடமிருந்தே உங்கள் குரலைக் காப்பாற்றுகிறேன் ஐயா."

குறிப்பம்மா அதையும் எழுதினாள். மெத்தைக்காரர் வாயைத் திறக்காமல் வீட்டுக்கு வந்தார். வாயைத் திறந்தால்தானே வம்பு என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தார்.

இரண்டாம் கட்டம், வீடு தேடி வந்து கேட்பது. காதய்யாவும் குறிப்பம்மாவும் ஒரு காலையில் வந்து இறங்கினார்கள். தம்பி தனக்குத்தானே சொல்லி வைத்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு மூலையில் பஞ்சைப் பிரித்துக்கொண்டிருந்தார். அக்காவிடமும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார், ஒன்றும் பேசாதே என்று. ஆறுவது சினம் என்று படித்தவள்தான் அவளும். ஆனால் காதய்யா உட்கார்ந்ததும் சுவரைத் தட்டிப் பார்த்து, "பழைய சுவர். இடிக்கச் சுலபம்" என்றார்.

அக்கா நேராக அடுக்களைக்குப் போய், படியில் இறங்கி ஏறி, இரண்டு டம்ளர் தண்ணீரைத் தளும்பாமல் கொண்டு வந்து இருவர் கையிலும் சரியாகக் கொடுத்தாள்.

"குடிங்க மகராசா. இப்படி ஒரு நல்ல மனசு யாருக்கு வரும்? இருக்கிற வீட்டை இடிக்கிறதுக்கு வீடு தேடி வந்து கேட்கிறீங்களே. உங்க புள்ளகுட்டிங்க வாழையடி வாழையா நல்லா இருக்கும். நீங்க கட்டுற வீடெல்லாம் இந்த வீடு மாதிரியே நிலைச்சு நிற்கும்."

காதய்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இத்தனை வருஷச் சர்வீஸில் தனக்கு இப்படி ஒரு ஆசீர்வாதம் கிடைத்ததில்லை என்றார்.

இரண்டாம் அறிக்கை சுவருக்கு வந்தது. 'குடும்பத்தின் மூத்த பெண்மணி வாழ்த்தினார். வீட்டின் ஆண் மௌனமாக இருந்ததால், மௌனம் சம்மதம் என்ற முதுமொழிப்படி அவர் மீண்டும் ஒருமுறை சம்மதித்தார். மூத்த பெண்மணி எவர் உதவியுமின்றி நடமாடினார், தண்ணீர் வழங்கினார். பார்வைக் குறைபாடு இல்லை. மாற்று வீடு எந்த மாடியில் தந்தாலும் பொருந்தும்.'

மெத்தைக்காரர் அந்தக் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னார். அவள் ஊசியை மெத்தையில் பாதியில் குத்தி நிறுத்தினாள். அவர் பயந்துபோனார்.

"நாமதான்டா கெடுத்துக்கிட்டோம்," என்றாள். "நேரா ஒரு வார்த்தை சொல்லணும். வேண்டாம்னு."

"சொல்லிடலாம்க்கா."

"எங்கே, சொல்லு பார்ப்போம்."

"வேண்டாம்."

"விருந்துக்குப் போன இடத்துல இலையை மூடிக்கிட்டுச் சொல்ற மாதிரி இருக்கு. இப்படிச் சொன்னா இன்னும் ரெண்டு கரண்டி போட்டுட்டுத்தான் போவாங்க. திரும்பச் சொல்லு."

அவர் திரும்பச் சொன்னார். பஞ்சு அடிக்கும்போது சொன்னார், குளிக்கும்போது சொன்னார். ஒரு வார்த்தைதான். ஆனால் ஐம்பது வயது வரை வளைந்தே பேசிய நாக்கு, நாய்வால்தான். அக்கா உள்ளே இருந்து, "அழுற மாதிரி இருக்கு", "கெஞ்சுற மாதிரி இருக்கு" என்று திருத்திக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒருநாள், "இது சரி," என்றாள். கேலி இல்லாத சரி.

நிறைவுக் கூட்டத்துக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். பெஞ்சுகள் போய் நாற்காலிகள் வந்திருந்தன. மேடையில் விருந்தினர்கள் உட்கார மெத்தைகள். எல்லாம் மெத்தைக்காரர் தயாரிப்பு. உறுதியளித்த மெத்தைகள் எங்கே என்று கேட்டு முந்தின வாரமே வண்டி வந்து, விற்பனைக்கு வைத்திருந்ததை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. வடக்கே தரிசு வைத்திருந்தவர் அதில் ஒன்றில் புதைந்து உட்கார்ந்து, "சுகமா இருக்கு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

காதய்யா ஒலிபெருக்கியைப் பிடித்தார். "சாலைகள் பலவற்றுக்குக் கருத்துக் கேட்டிருக்கிறேன். எங்கு போனாலும் மக்கள் தங்கள் வீட்டையே நினைப்பார்கள். தங்கள் வீட்டைத் தவிர எல்லாவற்றையும் நினைத்த ஒரே மனிதரை இங்கேதான் பார்த்தேன். முன்மாதிரிக் குடிமகன் கேடயத்தைப் பெற்றுக்கொள்ள மெத்தைக்காரர் ஐயாவை அழைக்கிறேன். புறவழிச்சாலையிலிருந்து பிரியும் முதல் ரோட்டுக்கு அவர் பெயரையே வைக்கப் பரிந்துரைத்திருக்கிறோம் என்ற இனிய செய்தியையும் சொல்லிவிடுகிறேன்."

மெத்தைக்காரர் மேடை ஏறினார். கேடயத்தை நீட்டினார்கள். ஒலிபெருக்கி வாய்க்கு நேராக வந்தது. அவர் பழகிய மாதிரியே, தெளிவாக, நடுக்கமில்லாமல் சொன்னார்.

"வேண்டாம்."



"பார்த்தீர்களா இந்தத் தன்னடக்கத்தை," என்றார் காதய்யா. கைதட்டல் எழுந்தது. கேடயத்தை அவர் கையில் திணித்தார்கள்.

"வேண்டாம் சார். எனக்கு இந்த ரோடு வேண்டாம்."

"ரோட்டுக்குத் தன் பெயர்கூட வேண்டாம் என்கிறார்," என்று காதய்யா கூட்டத்துக்கு விளக்கினார். கைதட்டல் இன்னும் பலமானது. சைக்கிள் கடைக்காரர் மட்டும் தட்டவில்லை. அவர் வீடும் அதே கோட்டில்தான் இருந்தது. வேண்டாம் என்றதும் அவர் பாதி எழுந்து நின்றார். கைதட்டல் பலத்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

மெத்தைக்காரர் ஒலிபெருக்கியைக் கையில் பிடுங்கிக்கொண்டார். "எங்க அக்காவுக்குக் கண் தெரியாது. அந்த வீட்டுக்குள்ள மட்டும்தான் அவளுக்குத் தெரியும். வீட்டை எடுத்தீங்கன்னா அவ கண்ணை எடுக்கிறீங்க. புரியுதா உங்களுக்கு?"

அவர் கண்ணில் நீர் வழிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக நினைத்ததை நினைத்தபடி பேசியிருந்தார். இதற்கு மேல் நேராகச் சொல்லத் தமிழில் வார்த்தை இல்லை.

காதய்யா அவர் தோளில் கை வைத்தார். ஒலிபெருக்கியை மெல்ல வாங்கிக்கொண்டு, நிகழ்ச்சி நிரலைக் காட்டினார். "கருத்து நேரம் பதினொன்றோடு முடிந்துவிட்டது ஐயா. இது பாராட்டு நேரம். ஆனாலும் உங்கள் உணர்ச்சியை மதிக்கிறோம். அம்மா, உணர்ச்சிக் கட்டத்தில் போடுங்கள்." பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, அக்காவின் கண்பார்வை நல்ல நிலையில் இருப்பதைத் தானே நேரில் கண்டு பதிவு செய்திருப்பதாகவும், சகோதர பாசம் சில நேரம் மிகைப்படுத்தும் என்றும் சொன்னார்.

மூன்றாம் அறிக்கை ஒரே வரி. 'முன்மாதிரிக் குடிமகன் ஆனந்தக் கண்ணீர் வடித்தார்.'

சிவப்பு வழி தேர்வானது. மக்கள் தேர்ந்தெடுத்தது என்று போட்டிருந்தார்கள். நீலம் தேர்வாகியிருந்தாலும் வீட்டை அதே நாளில்தான் இடித்திருப்பார்கள். இடிக்கும்போது அக்கா தெருமுனையில் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எந்தச் சத்தம் எந்தச் சுவர் என்று அவளுக்குத் தெரிந்தது. "அடுக்களை," என்றாள் ஒருமுறை.  சுவர் பழையதுதான், காதய்யா சொன்னது சரி, சுலபமாக விழுந்தது.

மாற்று வீடு மூன்றாவது மாடியில். சுவர்கள் வழவழவென்று ஒன்றுபோல் இருந்தன. கையில் அடையாளமாகச் சிக்க ஒரு விரிசல்கூட இல்லை. முதல் வாரத்திலேயே அக்காவின் நெற்றியிலும் முழங்காலிலும் காயம். பிறகு அவள் கட்டிலை விட்டு இறங்குவதைக் குறைத்துக்கொண்டாள். ஊசியைத் தொடவில்லை. அதைவிட மோசம், அவளுடைய குத்தல் பேச்சு போய்விட்டது. தம்பி வேண்டுமென்றே நாற்காலியை நடுக்கூடத்தில் போட்டுப் பார்த்தார். அவள் அதில் இடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கோடா" என்றாள். மெத்தைக்காரர் நாற்காலியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்து அழுதார்.

சாலை திறந்து ஆறு மாதம் கழித்து, விதிப்படி, மனநிறைவுக் கேட்பு வந்தது. காதய்யா பதவி உயர்ந்து வேறு ஊரைக் கேட்கப் போய்விட்டார். குறிப்பம்மா மட்டும் மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வந்தாள். மெத்தைக்காரர் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். அவள் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து படிவத்தை விரித்தாள்.

"வீட்டுல ஏதாவது குறை தெரியுதாம்மா?"

அக்கா குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். சற்றுத் தள்ளித் திருப்பினாள், குறிப்பம்மா அங்கே இல்லை. தம்பி காத்திருந்தார். பழைய நாக்கு ஒருமுறை எட்டிப் பார்க்காதா, வாங்க மகராசி என்று ஆரம்பிக்காதா என்று, இலவு காத்த கிளிபோல.

"எனக்கு ஒண்ணும் தெரியலம்மா," என்றாள் அக்கா.

கேலி இல்லை, வளைவு இல்லை. இத்தனை வருஷமாக மங்கல் என்று மட்டுமே சொன்னவள் அன்றைக்கு நேராகச் சொல்லிவிட்டாள். குறிப்பம்மாவின் பேனா ஓடியது. எழுதி முடித்ததும், சொன்னவருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்ற விதிப்படி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தாள்.

"குறை ஒன்றும் தெரியவில்லை."

மெத்தைக்காரர் வாயைத் திறந்தார். அது சரி என்று சொல்லலாம், வேண்டாம் என்று சொல்லலாம், கத்தலாம். ஒவ்வொன்றும் எந்தக் கட்டத்தில் போய் விழும் என்று அவருக்கு இப்போது மனப்பாடம். வாயை மூடிக்கொண்டார். உடனிருந்தவரும் ஆமோதித்தார் என்று அவள் கீழே ஒரு வரி சேர்த்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டு, சுவரைப் பிடித்தபடி படியிறங்கிப் போனாள்.

அக்கா காலடிச் சத்தம் அடங்கும் வரை காத்திருந்தாள்.

"என்னடா எழுதிக்கிட்டுப் போறாங்க?"

"நீ சொன்னதைத்தான்க்கா," என்றார் மெத்தைக்காரர்.